தகவல் சொன்னவர்: மற்றவர்

நான் சலூன் நடத்துகிறேன். ஐந்து வருடங்களாக எனக்குக் குரல் இல்லை. தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில், சட்டையின் முதல் பித்தான் வரும் இடத்தில், சின்ன நாணயம் அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. மூச்சு அதன் வழியாகத்தான் போய் வருகிறது. வாய் இப்போது சாப்பிட மட்டும்தான். முன்பு அது பார்த்த வேலையை நினைத்தால் ஓய்வு கொடுத்தது நியாயம்தான் என்று என் மனைவியே சொன்னாள்.

சலூன்காரனுக்கு வாய் போவது என்ன கஷ்டம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. முடி வெட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆட்கள் என் கடைக்கு வந்தது பேச்சுக்காக. எந்த அதிகாரி எங்கே மாட்டிக்கொண்டார், யார் வீட்டில் யார் முறுக்கிக்கொண்டிருக்கிறார்கள், எதிர்த்த வீட்டு நாய் ஏன் இளைத்துப்போனது, எல்லாம் என்னிடம் கிடைக்கும். ஆபரேஷன் முடிந்து கடையைத் திறந்த முதல் மாதம் அனுதாபத்துக்காக வந்தார்கள். இரண்டாவது மாதம் பாதிப் பேரைக் காணோம். வந்தவர்களில் சிலர், பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்று தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டு, "மேல கொஞ்சம் விட்டு வெட்டுங்க" என்று அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி கத்தினார்கள். மற்றவர்கள் கண்ணாடியில் என் கழுத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு, கையில் கத்தி இருந்தது அவ்வளவு நல்லதில்லை.

தொழிலை விட்டுவிடத்தான் டாக்டர் சொன்னார். வெட்டிய முடி பறந்து துளைக்குள் விழுந்தால் நேராக நுரையீரலுக்குப் போகுமாம். எனக்கு வேறு தொழில் தெரியாது. மெல்லிய துணியை நான்காக மடித்து, நனைத்துப் பிழிந்து, கழுத்தில் கட்டிக்கொண்டு வெட்டுகிறேன். அரை மணிக்கு ஒரு தரம் நனைக்க வேண்டும். அந்த வேலையை என் மனைவி பார்த்தாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. கையில் ஈரத் துணியோடு வந்து, பழையதை அவிழ்த்துப் புதியதைக் கட்டிவிட்டு, வாடிக்கையாளரிடம் நான் சொல்ல நினைத்த நாலு வார்த்தையையும் சொல்லிவிட்டுப் போவாள். பெரும்பாலும் சரியாகவே சொல்வாள். சில சமயம் நான் சொல்ல நினைக்காததையும் சொல்வாள்.

நோய் வந்தபோது நான் ஒன்றும் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளவில்லை. எட்டு மாதம் குரல் கம்மிக் கிடந்தது. எங்கள் பக்கத்து ஆண்கள் உடம்புக்கு ஏதாவது வந்தால் முதலில் அதை வைத்துக் கேலி பேசுவார்கள், பிறகு எரிந்து விழுவார்கள், ஒன்றும் நடக்காமல் போன பிறகுதான் பஸ் ஏறுவார்கள். நானும் அப்படித்தான். பக்கத்திலிருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். நானும் அதைத்தான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். புற்றுநோயைப் பார்க்கத் தெரிந்த பெரிய ஆஸ்பத்திரி, இரண்டு பஸ் மாறி ஏழு மணி நேரம். அங்கே போய்ச் சேர்ந்தபோது குரல்வளையில் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை.

அந்த வார்டின் வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். இந்தப் பகுதியில் புற்றுநோய் வந்தவர்களில் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிருடன் இருப்பவர்கள்: பெண்கள் நூற்றுக்கு நாற்பத்தொன்று, ஆண்கள் நூற்றுக்குப் பதினெட்டு. ஆண்களைச் சீக்கிரம் வரவைக்க யாரோ நல்ல எண்ணத்தில் எழுதி வைத்தது. வந்து படுத்துவிட்டவர்களைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை. எங்கள் அறையில் எட்டுக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் ஒரு கொத்தனார் இருந்தார். ஆபரேஷனுக்கு முந்தைய நாள், எல்லோருக்கும் இன்னும் குரல் இருந்தபோது, அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

"எட்டுப் பேர்ல ஒண்ணரைப் பேர் தேறுவோம். அந்த அரை ஆளு யாருன்னு இப்பவே பேசி முடிச்சுக்கலாம்" என்றார்.

எட்டுப் பேரும் சிரித்தோம். கம்மிய குரலில் எட்டு ஆண்கள் சிரித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். நர்ஸ் ஓடி வந்து யாருக்கு மூச்சுத் திணறுகிறது என்று கேட்டாள்.

மூன்றாவது வருடத்தோடு, தொந்தரவு இருந்தால் மட்டும் வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேசுவதற்கு ஏதோ கருவி உண்டு என்று எழுதிக்கொடுத்தார். அது எங்கேயோ வரிசையில் நிற்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை ஃபோன் வரும். மனைவிதான் எடுப்பாள். எடுத்ததும் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். ரொம்ப நேரம் பேசிவிட்டு வந்து, "உங்களைத்தான் கேட்டாங்க. இருக்கீங்கன்னு சொன்னேன்" என்பாள். அதற்கு எதற்கு அவ்வளவு நேரம் என்று நான் நோட்டில் எழுதிக் காட்டினால், "பொம்பளைங்க பேசறதை ஏன் கேட்கறீங்க" என்பாள்.

நான்காவது வருடம் பேசிவிட்டு வந்தவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"அடுத்த தடவை கூப்பிட்டா அஞ்சு முடிஞ்சுதாம். அந்தப் பதினெட்டுல உங்களையும் சேர்த்துடுவாங்களாம். மூணு தடவை கூப்பிடுவாங்க, எடுக்காம விட்டுடாதீங்க, விட்டா தொடர்பு இல்லைன்னு எழுதிடுவோம்னு சொன்னாங்க அந்தப் பொண்ணு."

அவள் அந்த வருடத்தை முடிக்கவில்லை. ஃபோன் வருவதற்கு நான்கு மாதம் இருக்கும்போது, கொடியிலிருந்து என் கழுத்துத் துணிகளை எடுத்துக்கொண்டு வந்தவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். நெஞ்சு அடைக்கிறது என்றாள். நான் வண்டி பிடித்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உதவிக்கு ஆளைக் கூப்பிட என்னால் முடியவில்லை, தெருவில் ஓடத்தான் முடிந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் போன பிறகு, இன்னொருவரிடம் என்னைப் பற்றிப் பேச உலகத்தில் யாரும் இல்லாமல் போயிற்று. சாப்பிட்டானா, இருமுகிறானா, இருக்கிறானா என்று கேட்க ஆளில்லை. துணியை நானே நனைத்துக் கட்டிக்கொண்டேன். என்னைப் பற்றிக் கேட்பதற்கென்று பாக்கியிருந்தது அந்த ஒரு ஃபோன்தான். சின்னப்பிள்ளைத்தனம் என்று சொன்னாலும் பரவாயில்லை, நான் அதற்காகக் காத்திருந்தேன். அந்தப் பதினெட்டில் நான் இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டிருந்தது.

இதில் என் மூளை எவ்வளவு வேலை செய்தது என்று பாருங்கள். நான்கு மாதம் அந்த ஃபோனுக்காகக் காத்திருந்தேனே தவிர, வந்தால் நான் எப்படிப் பதில் சொல்வேன் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அடுப்பில் சோறு கொதிக்கும்போது வந்தது. எடுத்தேன்.

"ஹலோ, பெரிய ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். அம்மா, நல்லா இருக்கீங்களா?"

என் உதடுகள் அசைந்தன. பழக்கதோஷம். அவள் இறந்த செய்தியை ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஹலோ? அம்மா? கேட்குதா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள். சோறு பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது.

உடனே அந்த எண்ணுக்குச் செய்தி தட்டி அனுப்பினேன். அது ஆஸ்பத்திரி மேசையில் இருக்கும் பழைய ஃபோன், செய்தி போகாமல் திரும்பி வந்தது. பிறகு பக்கத்துக் கடை பங்சரிடம் போனேன். சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் ஒட்டுப்போடுகிறவர். ஊரில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. நோட்டில் எழுதிக் காட்டினேன்: ‘ஃபோன் வந்தால் நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்.’

படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பார்த்தாலே தெரியுதே அண்ணே" என்றார். பிறகு சரி என்றார்.

இரண்டாவது அழைப்பு புதன்கிழமை மதியம் வந்தது. ஃபோனை எடுத்துக்கொண்டு பங்சர் கடைக்கு ஓடினேன். காற்றடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தி, கையைத் துடைத்து, "ஹலோ" என்றபோது மறுமுனையில் யாருமில்லை. திரும்பக் கூப்பிட்டோம். ஓர் இயந்திரக் குரல், எந்தப் பிரிவு வேண்டுமோ அந்த எண்ணை அழுத்துங்கள் என்று ஒன்பது வரை சொல்லிக்கொண்டே போனது. பங்சர் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஒன்றில் பிரசவ வார்டு எடுத்தது. பங்சருக்கு வெட்கம் வந்து வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் பத்து மணியிலிருந்து அவர் தன் வேலையை என் கடை வாசலுக்கே தூக்கிக்கொண்டு வந்தார். நாலு நாள் உட்கார்ந்தார். ஐந்தாவது நாள் நடுரோட்டில் ஒரு வண்டி நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள், போனார். அவர் போய்ப் பத்து நிமிடத்தில் ஃபோன் அடித்தது. கடையில் நான் மட்டும் இருந்தேன். எடுத்தேன். கையில் கத்தரி இருந்தது. அதை ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்து வேக வேகமாக அசைத்தேன். முப்பது வருடம் என் காதுக்குப் பழகிய சத்தம் அது. உள்ளே ஓர் ஆள் வேலை செய்துகொண்டிருக்கிறான் என்று அதைக் கேட்டால் யாருக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

"லைன்ல ஏதோ வெட்டு வெட்டா சத்தம் வருதுங்க. ஒண்ணும் கேட்கலை" என்றாள் அந்தப் பெண். பெருமூச்சு விட்டாள். வைத்தாள்.

நான் சுழல் நாற்காலியில், வாடிக்கையாளர் உட்காரும் இடத்தில், உட்கார்ந்தேன். கண்ணாடியில் நான் இருந்தேன். கண்ணில் நீர் வழிந்தது, சத்தம் எதுவும் வரவில்லை. குரல் போன பிறகு அழுவதும் அப்படித்தான் ஆகிவிட்டது. பங்சர் திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"விடுங்கண்ணே. அவங்க எழுதலைன்னா நீங்க இல்லைன்னு ஆயிடுமா?" என்றார்.

அது அவருக்குச் சொல்லிப் புரியவைக்கக் கூடிய விஷயமில்லை. மறுநாள் விடியற்காலை பஸ் ஏறினேன்.

பதிவேட்டு அறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி துவைக்கும் கூடத்தை ஒட்டி இருந்தது. மூன்று இரும்பு அலமாரி, ஒரு மேசை, ஒரு பழைய ஃபோன். சோப்பு வாசனை வரும் என்று நினைக்கிறேன். எனக்கு மூக்கில் மூச்சு இல்லாததால் வாசனை தெரியாது. நாற்பத்தைந்து வயது இருக்கக்கூடிய ஒரு பெண் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அட்டவணை ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"வெளிநோயாளி சீட்டு முன்னாடி கட்டடத்துல" என்றாள் நிமிராமல். அந்தக் குரலைக் கேட்டதும் ஆள் அவள்தான் என்று தெரிந்துவிட்டது.

பஸ்ஸிலேயே எழுதி வைத்திருந்த பக்கத்தை அவள் முன்னால் வைத்தேன். என் பெயர், ஃபோன் எண், அதன் கீழே: ‘நீங்கள் மூன்று முறை கூப்பிட்டீர்கள். மூன்று முறையும் எடுத்தது நான்தான். எனக்குப் பேச முடியாது. நான் இருக்கிறேன்.’

கண்ணாடியை இறக்கிப் படித்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். திரும்பவும் படித்தாள்.

"அம்மா எங்கே?" என்றாள்.

அதற்கும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். திருப்பிக் காட்டினேன். அவள் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த மெத்தை வைத்த நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு, சுவரோரமிருந்த ஸ்டூலை இழுத்துக்கொண்டாள்.

"அந்த வெட்டுச் சத்தம் நீங்களா? லைன் சரியில்லைன்னு நான் டெலிஃபோன்காரங்களுக்குப் புகார் எழுதிக் குடுத்துட்டேனே" என்றாள்.

நோட்டில் எழுதினேன்: ‘தொண்டையை எடுத்தவனை ஃபோனில் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறீர்களே, இது என்ன வேலை?’ கொஞ்சம் அழுத்தி எழுதியதில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.

அவளுக்கும் கோபம் வந்தது. "எனக்குத் தர்ற தாள்ல என்ன இருக்கும்னு நீங்களே பாருங்க" என்று மேசையிலிருந்ததை என் பக்கம் தள்ளினாள். வரிசை எண், பெயர், வயது, ஃபோன் எண். அவ்வளவுதான். "என்ன நோவுன்னு போட மாட்டாங்க. அது ரகசியமாம். யாருக்குக் காலை எடுத்தாங்க, யாருக்குக் குரலை எடுத்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் அம்பது பேரைக் கூப்பிடறேன் ஒரு நாளைக்கு. பாதி ஃபோன் இப்படித்தான், எடுப்பாங்க, பேச மாட்டாங்க."

அதைச் சொல்லி முடித்ததும் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் அது தோன்றியிருக்க வேண்டும். பேசாத அந்தப் பாதியில் என்னைப் போல எத்தனை பேரோ.

முதலில் என் பக்கத்தை எடுத்தாள். மூன்று அழைப்பு முடிந்து, ‘தொடர்பு இல்லை’ என்று நேற்றே எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு ‘உயிருடன்’ என்ற கட்டத்தில் குறி போட்டாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. தகவல் சொன்னவர் யார் என்று போட வேண்டும். மனைவி, மகன், மகள், அண்டை வீட்டார், மற்றவர். இதில் ஒன்றைத்தான் சுழிக்கலாம். ஆளே எழுந்து வந்து நானிருக்கிறேன் என்று சொல்வான் என்று அச்சடித்தவர்கள் எதிர்பார்க்கவில்லை.

"மற்றவர்னு போடட்டுமா?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன். நான் இருக்கிறேன் என்று சொன்ன அந்த மற்றவர் நான்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் துளையில் புஸ்ஸென்று காற்றுதான் வரும். அவள் பயந்து தண்ணீர் வேண்டுமா என்றாள்.

பக்கத்தின் மேல்பாதியில் போன நான்கு வருடங்கள் இருந்தன. நான்கிலும் ‘மனைவி’ சுழிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் குறிப்பு எழுத ஓர் இடம். யாரும் எழுத மாட்டார்களாம். இவள் எழுதியிருந்தாள். முதல் வருடம்: ‘நன்றாக இருக்கிறார். கோபம் அதிகம்.’ இரண்டாம் வருடம்: ‘நன்றாக இருக்கிறார். கடைக்குப் போகிறார். அவர் பேச நினைப்பது எனக்குப் புரிகிறது என்கிறார் மனைவி.’ மூன்றாம் வருடம்: ‘தூக்கத்தில் உதடு அசைகிறதாம். என்ன பேசுகிறார் என்று பார்த்துக்கொண்டே விழித்திருப்பாராம் மனைவி.’ நான்காம் வருடம்: ‘மிகவும் நன்றாக இருக்கிறார். எனக்கு முன்னால் போக மாட்டார் என்று மனைவி சந்தோஷப்பட்டார்.’

நான் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டேன். அவள் அப்படியே விட்டாள். துவைக்கும் கூடத்தில் இயந்திரம் நின்று, மறுபடி ஓட ஆரம்பித்தது.

"பொம்பளைங்க ஃபோன் எடுத்தா இப்படித்தான் எல்லாம் சொல்வாங்க. அந்த அம்மா குரல் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். எனக்கு நன்றி சொல்லத் தோன்றியது. எழுதவில்லை. கை அந்தப் பக்கத்தின் மேலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். திறக்கக் கூடாத அலமாரி போலிருக்கிறது, கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுத்தான் திறந்தாள். ஆபரேஷன் புத்தகத்தை எடுத்து, ஐந்து வருடத்துக்கு முன் குரல்வளை எடுத்த ஆண்களை மட்டும் விரல் வைத்து ஒவ்வொருவராகப் பார்த்துத் தன் தாளோடு ஒத்துப்பார்த்தாள். பத்தொன்பது பேர். எட்டுப் பேர் இறந்ததாக வீட்டில் சொல்லியிருந்தார்கள். மூன்று பேர் இருப்பதாக மனைவிகள் சொல்லியிருந்தார்கள். மீதி எட்டுப் பேருக்குத் தொடர்பு இல்லை. என்னை எடுத்துவிட்டால் ஏழு.

‘தொடர்பு இல்லாதவர்களை என்ன செய்வீர்கள்?’ என்று எழுதினேன்.

"அஞ்சு முடிஞ்சும் ரெண்டு வருஷம் அப்படியே வெச்சிருப்போம். அப்புறம் இல்லாதவங்களோட சேர்த்துடுவோம். பலகையில போடற கணக்கு அப்படித்தான் வரும்."

ஃபோனை மேசை நடுவில் இழுத்து, அறை முழுக்கக் கேட்கும்படி ஒரு பித்தானை அழுத்தினாள். முதல் எண் பயன்பாட்டில் இல்லை. இரண்டாவது எண்ணை இப்போது வேறு யாரோ வைத்திருந்தார்கள். எத்தனை தடவை சொல்வது என்று கடிந்துகொண்டார்கள். மூன்றாவது பெயர் என் பக்கத்துக் கட்டில் கொத்தனாருடையது. பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவருடைய மனைவி எடுத்தார்.

"அவர் தவறி மூணு வருஷம் ஆச்சுங்க. அதுக்கு முன்னாடி நீங்க கூப்பிட்டப்போ அவர்தான் எடுத்தார். காதுல வெச்சுக்கிட்டு நீங்க பேசறதை முழுசாக் கேட்டுட்டு வெச்சார். என்னைக் கூப்பிடுங்கன்னு சொன்னாக் கேட்க மாட்டார். எனக்கு வந்த ஃபோன் இதுன்னு எழுதிக் காட்டுவார்."

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். எதற்கு என்று கொத்தனாரின் மனைவிக்குப் புரியவில்லை. பரவாயில்லைங்க என்றார். பிறகு நாலாவது எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவதில் ஒரு மகன், அப்பா போய்விட்டார் என்று ஒற்றை வரியில் சொல்லி வைத்தான். ஆறாவது அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

எனக்கு எழுந்து போய்விடத் தோன்றியது. எட்டுப் பேரில் ஒன்றரை என்று கொத்தனார் போட்ட கணக்கில் அந்த ஒன்று நானாக இருப்பது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பதினெட்டில் சேர வேண்டும் என்று இரண்டு பஸ் மாறி ஏழு மணி நேரம் வந்தேன். வந்து சேர்ந்த இடத்தில் எனக்கு முன்னும் பின்னும் ஆளில்லை.

ஏழாவது ஒரு லாரி டிரைவர். வயது ஐம்பத்தாறு. எனக்குத் தெரியாத பெயர். மணி மூன்று முறை அடித்தது. எடுத்தார்கள். யாரும் பேசவில்லை.

அந்தப் பெண் வழக்கம்போல ஹலோ என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஃபோனுக்கு மிக அருகில் குனிந்து, மெதுவாகப் பேசினாள்.

"ஐயா, பெரிய ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். உங்களுக்குப் பேச முடியாதுன்னு எனக்கு இப்பத்தான் தெரியும். நீங்க எதுவும் செய்ய வேண்டாம். நீங்கதான் ஆபரேஷன் ஆனவர்னா ஃபோனை வைக்காம இருங்க. இல்லைன்னா வெச்சிடுங்க. நான் பத்து எண்ணறேன்."

எண்ணினாள். பத்து முடிந்தது. வைக்கவில்லை.

"சரிங்கய்யா, எழுதிட்டேன். நீங்க இருக்கீங்க. நீங்க இப்ப வைக்கலாம்" என்றாள்.

அப்போதும் வைக்கவில்லை. மறுமுனையில் ஏதோ ஒரு ரேடியோ தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், மிகப் பக்கத்தில், மூச்சு வந்து போனது. மூக்கில் போகும் மூச்சு வேறு. இந்த மூச்சின் சத்தம் எனக்குத் தெரியும். ஐந்து வருடமாக என் கழுத்துக்குக் கீழே நான் கேட்டுக்கொண்டிருப்பது. இன்னொருவரிடம் அதைக் கேட்டதில்லை.

வெளியே யாரோ கதவைத் தட்டி அவளைக் கூப்பிட்டார்கள். அவள் அலமாரியைப் பூட்டிவிட்டு, ஃபோனை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

நான் கழுத்துத் துணியை அவிழ்த்தேன். என் கடையையும் வீட்டையும் தவிர வேறெங்கும் அதை நான் அவிழ்ப்பதில்லை. ஃபோனின் பேசும் பக்கத்தைத் துளைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டேன். மறுமுனையில் மூச்சு சட்டென்று நின்றது. அவர் கேட்கிறார். நான் இன்னொரு முறை விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தும் வந்தது, முன்னைவிடப் பலமாக. யாரோ அந்தப் பக்கம் ரேடியோவை அணைத்தார்கள், அல்லது அவரே எழுந்து போய் அணைத்திருப்பார்.

என் கடைசி பஸ் மூன்றரைக்கு. சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணியாகியிருந்தது. அந்தப் பெண் திரும்பி வந்து, கதவருகிலேயே நின்று, "ஐயா, பஸ்ஸுக்கு நேரமாகலையா?" என்று கேட்டாள்.

நான் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.